எல்லாப் பருவத்திலும் மலையில்: லிந்துலைப் பெண்களின் நடையும் மலைநடை எழுத்தும்

1. கேள்வி

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட இப்பாதை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடும் அமெரிக்க உதவி நிதியோடும் உருவானது. புதிதாக வெட்டிய பாதை அதில் சொற்பமே. தோட்டங்களுக்குள் நூறு வருடத்துக்கு மேலாகப் புழங்கிவந்த வண்டிப்பாதைகளையும் குறுக்குவழிகளையும் கோத்துத்தான் அதை அமைத்திருக்கிறார்கள். வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று லிந்துலையைச் சுற்றி வளைத்துக்கொண்டு அது ஹோட்டன் சமவெளிக்கு ஏறுகிறது.

இந்தப் பாதையில் நடக்கும் உள்நாட்டு, வெளிநாட்டுப் பெண்கள் தங்கள் அனுபவத்தை எழுதுகிறார்கள். மழையில் வழுக்கியது, அட்டை கடித்தது, தனியாக நடக்கப் பயந்தது, பயம் விட்டது என்று அந்த எழுத்து ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. அதே பாதையில், அதே மழையில், தலையில் கூடைக்கயிறு மாட்டிய பெண்கள் எதிரே வருகிறார்கள். மலைநடைக் குறிப்புகளில் அவர்களுக்கு உள்ள இடம் ஒரு புகைப்படம். அதிகம் போனால் ஒரு புன்னகை.

மத்திய மலைநாட்டின் கரடுமுரடான சரிவுகளை வருடத்தின் எல்லாப் பருவத்திலும் நடந்து அறிந்தவர்கள் தேயிலைத் தோட்டப் பெண்கள். அப்படியிருக்க, மலை அனுபவம் என்று நாம் வாசிக்கும் எழுத்தில் அவர்களுடைய அனுபவம் ஏன் சேரவில்லை? அவர்கள் சொல்லவே இல்லையா, சொன்னது வேறு எங்கோ பதிவாகிக் கிடக்கிறதா? அதை மலைநடை என்று பெயரிட்டு உள்ளே சேர்த்துக்கொள்வது முறைதானா? லிந்துலைப் பகுதியை மையமாக வைத்து இக்கட்டுரை இவற்றைப் பரிசீலிக்கிறது.

2. இருக்கிற எழுத்து

இலங்கை மலைகளில் ஏறிய பெண் ஒருவர் அதைப் பற்றி எழுதுவது புதிய வழக்கமல்ல. ஸ்கொட்லாந்துக்காரரான கொன்ஸ்டன்ஸ் கோர்டன்-கமிங் இலங்கையில் ஏறக்குறைய இரண்டு வருடம் தங்கினார், சிவனொளிபாதமலையும் ஏறினார். அந்த அனுபவங்களை 1892இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். விக்டோரியா காலத்துப் பெண்ணொருவர் மலையேறி, படம் வரைந்து, நூலாக்கியது சாதனைதான். குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வசதியைத் தந்தது தோட்டப் பொருளாதாரம். பெருந்தோட்டத் துரைமாரின் பங்களாக்களும், அவற்றுக்குப் போகும் பாதைகளும், சுமை தூக்கும் ஆட்களும் இல்லாமல் அன்றைய மலைப்பயணம் நடந்திருக்காது.

இன்னொரு ஸ்கொட்லாந்துப் பெண் நான் ஷெப்பர்ட். கெயார்ன்கோர்ம் மலைத்தொடரைப் பனியிலும் வெயிலிலும் மூடுபனியிலும் பல வருடம் நடந்தவர். இரண்டாம் உலகப்போரின் இறுதிக் காலத்தில் எழுதிய ‘உயிருள்ள மலை’ என்ற சிறு நூலைச் சுமார் முப்பது வருடம் அச்சேற்றாமல் வைத்திருந்து 1977இல்தான் வெளியிட்டார். உச்சியை அடைவதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. மலைக்குள் இருந்து பழகுவதையும், உடம்பால் அதை அறிவதையுமே முக்கியமாகக் கருதினார். சிகரத்தில் கொடி நாட்டும் ஆண் எழுத்துக்கு மாற்றாக இன்று உலகெங்கும் அவரைக் காட்டுகிறார்கள். ஷெப்பர்டின் அளவுகோலைக் கையில் எடுத்தால் உலகில் மலையை அறிந்த பெண்களின் பட்டியல் வெகுவாக மாறிவிடும். அதை எடுத்தவர்கள்தான் குறைவு.

இலங்கையில் ஜயந்தி குரு-உதும்பால 2016 மே 21ஆம் திகதி எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். ஆண் பெண் இருபாலாரிலும் அதைச் செய்த முதல் இலங்கையர் அவரே. பெண்ணுரிமைச் செயற்பாட்டாளரும்கூட. அவருக்குப் பின் மலையேறும் பெண்கள் பற்றிய பேச்சு இலங்கை ஊடகங்களில் கூடியது. மலையகப் பெண்கள் அந்தப் பேச்சுக்குள் வரவில்லை.

3. லிந்துலையின் ஒரு வருடம்

தலவாக்கலையிலிருந்து நுவரெலியா நோக்கி ஏறும் பாதையில், அக்கரப்பத்தனைக்குப் பிரியும் இடத்தை ஒட்டியது லிந்துலை. திம்புள்ள தேயிலை வலயத்தின் நடுப்பகுதி. ஹென்போல்ட், வோல்ட்ரிம், பம்பரக்கலை என்று சுற்றிலும் தோட்டங்கள். 1,200 மீட்டருக்கு மேல் விளையும் தேயிலையை உயர்நிலத் தேயிலை என்பார்கள். அந்த வகைக்குப் பேர்போன பிரதேசம் இது. எதிரே நிற்கும் கிரேட் வெஸ்டன் மலை 2,200 மீட்டரைத் தாண்டுகிறது. கொழும்பிலிருந்து வாரஇறுதியில் வரும் இளைஞர்கள் அதே பெயருள்ள புகையிரத நிலையத்தில் இறங்கி, தேயிலைக்குள்ளால் நடந்து, காட்டுக்குள் ஏறி உச்சிக்குப் போகிறார்கள். அவர்களுக்குப் பருவம் உண்டு: தை முதல் பங்குனி வரை, மழை விட்ட மாதங்கள். மற்ற மாதங்களில் வர வேண்டாம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அப்படிச் சொல்ல யாருமில்லை.

தையும் மாசியும் வெளியார் கண்ணுக்கு அழகான மாதங்கள். வானம் துலக்கமாக இருக்கும். நுவரெலியா, அம்பேவெல பக்கம் சில காலைகளில் புல்லின் மேல் உறைபனி கிடக்கும். அந்தக் குளிரில், ஈரம் காயாத செடிக்குள் கையைவிட்டு இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ள வேண்டும், விரல் மரத்துப்போகும். வறண்ட காற்றால் கொழுந்து மெதுவாக வளரும். அதனால்தான் அதன் வாசனையும் ருசியும் கூடுகிறது. திம்புள்ள தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் மதிப்புள்ள காலமும் இதுவே. ஆனால் தேயிலை மிக நன்றாக இருக்கும் அந்த மாதங்களில் கொழுந்து குறைவு. பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு, அதாவது முழு நாட்சம்பளத்துக்கு, கேட்கும் 18 கிலோவைத் தேடி, ஒரே ஆள் இன்னும் அதிக தூரம், இன்னும் மேலே ஏற வேண்டியிருக்கும். குறைந்தால் அரைப்பேர். தேயிலையைச் சுவைத்து விலை சொல்லும் நிபுணர்கள் ஒருபோதும் கணக்கில் எடுக்காத ஏற்றம் அது.

சித்திரை மழை விழுந்ததும் நிலைமை தலைகீழாகும். செடி தளதளவென்று தள்ளும். எடுக்க எடுக்கத் தீராது. ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு மலைக்குப் போவார்கள். அப்போது பாரம்தான் சிரமம். நிறைந்த கூடையோடு, அல்லது இப்போது பல தோட்டங்களில் பயன்படும் நைலோன் பையோடு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கி நிறுத்துவிட்டு மறுபடி நெரைக்கு, செடி வரிசைக்கு, ஏறவேண்டும். ஒரே நாளில் இரண்டு தடவை, மூன்று தடவை. இறங்குவது ஏறுவதைவிடக் கடினம் என்பதை மலைநடை நூல்கள் முழங்கால் படத்தோடு விளக்குகின்றன. மடுவத்துக்கு இறங்கும் பாதையில் அதை அறியாத பெண் இல்லை.

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவுகளில் அடிக்கும். லிந்துலைப் பெண்கள் மலையை மிக நெருக்கமாக அறிவது இக்காலத்தில்தான் என்பேன். இடுப்பில் படங்கு, தலையிலிருந்து முதுகுக்குப் பொலித்தீன். பெரும்பாலும் வெறுங்கால் அல்லது றப்பர்ச் செருப்பு. அட்டைக்குச் சவர்க்காரமோ எலுமிச்சையோ உப்போ காலில் தேய்த்துக்கொள்வார்கள். மழை அதை நேரத்தோடு கழுவிவிடும். செடி மூடி நிற்கிற இடத்தில் வடிகான் எங்கே வெட்டியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கால் அதைத் தேடிக் கண்டுபிடித்து வைக்க வேண்டும், கை கொழுந்தை விடாமல். எந்தப் பாறை பாசி பிடித்தது, எந்தச் சரிவில் மண் இளகியது, காற்று எந்தப் பக்கத்தால் திரும்பினால் மூடுபனி இறங்கும் என்பதெல்லாம் இந்த மாதங்களில் பழகிச் சேர்ந்த அறிவு. புதிதாக வரும் பெண்ணுக்கு மூத்தவர்கள் வேலையோடு வேலையாகச் சொல்லிக் கொடுப்பார்கள்: “இங்க கால வைக்காத புள்ள, அந்தக் கல்லுக்கு மேலால வா.” பகிர்தல் அங்கே நடக்கிறது, பதிவுதான் நடக்கவில்லை. மடுவத்தில் இலையின் ஈரத்துக்கென்று நிறையில் கழிப்பார்கள். மழை அவளை நனைத்ததற்குக் கணக்கில்லை, கொழுந்தை நனைத்ததற்கு உண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் பகலுக்குப் பிறகு இடிமழை. மலை சரியும் ஆபத்தும் அப்போது கூடும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆண்களும் இதே மலையில்தான் வேலை செய்கிறார்கள், பெண்களை மட்டும் ஏன் தனித்துப் பேச வேண்டும் என்று கேட்கலாம். கவ்வாத்து, கான்வெட்டு, மருந்தடிப்பு போன்ற ஆண்களின் வேலை அளவு குறித்துக் கொடுக்கப்படுவது. முடித்தவர் நண்பகலை ஒட்டித் திரும்பிவிடலாம். கொழுந்து மாலை வரை இழுக்கும். ரேச்சல் குரியன் சர்வதேசத் தொழில் அமைப்புக்காக 1982இல் எழுதிய ஆய்வு இந்த வேறுபாட்டை விரிவாகக் காட்டியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதே 1984இல் வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் வந்தது. இதோடு, லயத்துக்கு விறகும் பீலித்தண்ணீரும் சேர்க்கும் நடையும் பெண்களுடையதே. ஆகவே மலையில் கழியும் மணித்தியாலங்களில் பெண்ணின் பங்கு பெரிது.

4. சொன்னது எங்கே பதிவாகியிருக்கிறது

முதற்சான்று நாட்டார் பாடல்கள். மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற தொகுப்பாக்கினார். இந்தப் பாடல்கள் பெரும்பாலும் ஒடுக்குமுறையின் ஆவணங்களாகவே வாசிக்கப்பட்டிருக்கின்றன. கங்காணியின் ஏச்சு, கடல் கடந்த ஏக்கம், கணக்கப்பிள்ளையின் கெடுபிடி ஆகியவை ஆய்வாளர் கண்ணில் முதலில் படுகின்றன. அந்த வாசிப்பு சரியானதே. ஆனால் அது மலையைப் பின்திரை ஆக்கிவிடுகிறது. கோப்பிக் கன்று நட்ட மலையைத் தூரத்திலிருந்து சுட்டிக்காட்டி, அங்கேதான் அண்ணனை இழந்தேன் என்று பாடும் ஒரு பாட்டு உண்டு. அதில் மலை இடம் மட்டுமல்ல, சாட்சியும்கூட. ஒவ்வொரு மலைக்கும் ஓர் இறப்பு, ஒரு நினைவு என்று பெயர் வைத்து வாழ்ந்த சமூகத்தின் நிலவரைபடம் அந்தப் பாடல்களில் ஒளிந்திருக்கிறது. அப்படி அதை யாரும் இன்னும் தொகுத்து வாசிக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

தோட்டத் தொழிலாளர் சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மையார் தோட்டம் தோட்டமாகப் போய் மேடையில் பாடினார். தொழிலாளர் நிலைமை குறித்த பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். மலையகத்தில் பெண் குரல் அச்சுக்கு வந்த முன்னோடித் தருணங்களில் அது ஒன்று. அவருடைய அக்கறை அரசியல் விழிப்பு; மலையின் குளிரும் வழுக்கலும் அல்ல. அந்தக் காலத்தின் அவசரம் அது.

புனைகதை பக்கம் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யும் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும் பெண்ணை மையமாக வைத்தவை. இரண்டிலும் தோட்டம் துயரத்தின் களம். வயிற்றுப்பாட்டுக்கு வந்த பெண்ணின் வீழ்ச்சியும் தாங்கும் வலுவும் நன்றாகவே வந்திருக்கின்றன. உடம்பு மலையோடு கொள்ளும் அன்றாடப் பழக்கம் மிகக் கொஞ்சமாகவே வந்திருக்கிறது.

சமூக விஞ்ஞானத்தில் குரியனுக்குப் பின் குமாரி ஜயவர்தனவும் அவரும் சேர்ந்து 2015இல் எழுதிய நூலும், மைத்ரி ஜெகதீசனின் 2019ஆம் ஆண்டு நூலும் முக்கியமானவை. முன்னது வர்க்கம், ஆணாதிக்கம், இனம் மூன்றும் பின்னிக் கிடக்கும் அதிகாரத்தை இருநூறு வருட அளவில் காட்டுகிறது. பின்னது போருக்குப் பிந்திய மலையகப் பெண்கள் தங்கள் உழைப்பையும் வீட்டையும் எதிர்காலத்தையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அருகிருந்து கேட்கிறது. இவை இல்லாமல் இப்பொருளில் பேசவே முடியாது. ஆயினும் உழைப்பு என்ற சொல்லுக்குள் நடை கரைந்துபோகிறது. கூலி, நேரம், பாலியல் தொந்தரவு, சங்கம் எல்லாம் பேசப்படும்போது, செங்குத்தான நெரையில் கால் வைக்கும் அறிவு தனியாகப் பேசப்படுவதில்லை.

கடைசிச் சான்று நாளிதழ். மலையகச் செய்தியாக அடிக்கடி வருவது குளவிக்கொட்டு: கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் இத்தனை பேர் குளவி கொட்டி வைத்தியசாலையில் அனுமதி. சிலவேளை மரணம். சிறுத்தையைக் கண்ட செய்தியும் இடையிடையே வரும். ஆக, மலையில் பெண்ணின் அனுபவம் அச்சில் வருவதற்கு அவள் விபத்தில் சிக்க வேண்டும். பீக்கோ நடைபாதையில் ஒருவரைக் குளவி கொட்டினால் அது ஒரு பயணக் கதை; லிந்துலையில் கொட்டினால் நாலு வரிச் செய்தி. இரண்டும் ஒரே குளவிதான்.

5. ஒரு மறுப்பு

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். கொழுந்தெடுப்பதை மலைநடை என்று அழைப்பது, சுரண்டலைச் சாகசமாக அலங்கரிப்பது ஆகாதா? மலைநடையின் உயிர் விருப்பம். பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். கொழுந்துக்காரி காலை ஆளெடுப்பான பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேரில்லை. இந்த வேறுபாட்டை மறந்து, தோட்டப் பெண்களைச் ‘சிகரம் தொடாத வீராங்கனைகள்’ என்று பாராட்டிக் கட்டுரை எழுதுவது எளிது. அது அவர்களுக்கு ஒரு சதமும் கூட்டித் தராது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும், அதற்கு முன் 2021இல் ஆயிரம் ரூபாவுக்காகப் போராடியபோதும், பேச்சுவார்த்தையில் இருந்தது கிலோ, நாள், ரூபா. சரிவின் செங்குத்து ஒரு நாளும் மேசைக்கு வரவில்லை.

இந்த மறுப்பின் பெரும்பகுதியை ஏற்கிறேன். விருப்பம், வலுக்கட்டாயம் என்ற எல்லைக்கோட்டை அந்தப் பெண்களே தெளிவாக அறிவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறும் பருவம். மலையகப் பெண்களும் நல்லதண்ணி வழியாக, பிள்ளைகுட்டிகளோடு, இரவிரவாக 2,243 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறார்கள். வாரம் முழுக்க மலையில் நின்ற கால், லீவு நாளில் விரும்பி இன்னொரு மலை ஏறுகிறது. நேர்த்தி, ஊர்க்கூட்டு, சிரிப்பு, களைப்பு எல்லாம் அதில் உண்டு. ஏறுவது இன்பமாகவும் இருக்கக்கூடும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டிய விடயமல்ல.

பொலிவியாவில் நடந்தது இங்கே பயன்படும். லா பாஸ் பக்கத்து ஐமாராப் பெண்கள் சிலர் மலையேறிகளுக்குச் சமையற்காரிகளாகவும் சுமை தூக்குபவர்களாகவும் அடிவாரத்திலேயே வருடங்களைக் கழித்தவர்கள். 2015இல் தங்கள் வழக்கமான அகலப் பாவாடையோடேயே 6,000 மீட்டரைத் தாண்டிய உவாய்னா பொட்டோசியில் ஏறினார்கள். 2019 ஜனவரியில் அமெரிக்கக் கண்டங்களின் மிக உயர்ந்த சிகரமான அக்கொன்காகுவாவையும் தொட்டார்கள். உழைப்பில் கிடைத்த மலைப்பழக்கத்தை அவர்கள் தங்கள் விருப்பத்துக்குத் திருப்பினார்கள். அதைத் தாங்களே சொன்னார்கள். அந்தத் திருப்பம் முக்கியம். வேறொருவர் வந்து அவர்களை மலையேறிகள் என்று அழைத்திருந்தால் அதற்கு இந்த மதிப்பு வந்திருக்காது.

மலையகத்திலும் நடையைத் தங்கள் கையில் எடுத்த ஒரு நிகழ்வு உண்டு. மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டையொட்டி 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம் நடந்தது. கோப்பிக்காலத்தில் முன்னோர் நடந்த அதே வழி. வாந்திபேதியிலும் பசியிலும் அந்த வழியில் மாண்டவர்களின் தொகை பற்றி ஆய்வாளர்கள் இன்றும் உடன்படவில்லை. அந்த நடையில் பெண்கள் பலர் கலந்துகொண்டார்கள். பிழைக்க நடந்த வழியைப் பேசுவதற்காக நடந்த வழியாக்கினார்கள்.

ஆகவே என் நிலைப்பாடு இது: கொழுந்தெடுக்கும் பெண்ணை மலையேறி என்று அழைக்க வேண்டியதில்லை. அவளுடைய மலையறிவை அறிவு என்று ஏற்றால் போதும். பெயர் மாற்றத்தால் வருவது பாராட்டு. அறிவை ஏற்பதால் வருவது பொறுப்பு.

6. அறிவாக ஏற்பதென்றால்

முன்பு குறிப்பிட்ட மண்சரிவுக்கு வருகிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்களுக்குப் போக வேறு காணி இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டில் எத்தனையோ இடங்களில் மண்ணைச் சரித்தது. மண்சரிவுக்கு முன்குறிகளாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்பவற்றைப் பாருங்கள்: நிலத்தில் புதிய வெடிப்பு, எதிர்பாராத ஊற்று, தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, மரங்கள் சாய்வது. ஒவ்வொரு நெரைக்கும் வாரம் தவறாமல், மழையிலும் கால் வைக்கிறவர்கள் யார்? கான் நீர் நிறம் மாறியதை முதலில் காணக்கூடியவர்கள் யார்? மழைமானிக்கும் செய்மதிப் படத்துக்கும் பக்கத்தில் அந்தப் பெண்களின் கண்ணும் அவதான அமைப்பில் ஓர் இடத்தைப் பெற வேண்டும் என்பது மிகையான கோரிக்கையல்ல. கண்டதைச் சொல்ல ஓர் ஆள், சொன்னதைப் பதிய ஒரு புத்தகம், சொன்னதற்காக அரைப்பேர் ஆகாது என்ற உறுதி: தோட்டமொன்றுக்கு இவ்வளவு போதும்.

நடைபாதைக்கும் இது பொருந்தும். பாதையோரம் நிற்கும் பெயர்ப்பலகைகளில் தோட்டத்தைத் தொடங்கிய துரையின் பெயரும் ஆண்டும் வருகின்றன. அந்தச் சரிவை அங்குள்ள பெண்கள் என்ன பெயரால் அழைக்கிறார்கள், எந்த மாதம் எந்த இடத்தில் வழுக்கும் என்பதும் வரலாம். வழிகாட்டி வேலைக்கு ஊர் இளைஞர்களைப் பயிற்றும்போது யுவதிகளையும், ஓய்வுபெற்ற கொழுந்துக்காரிகளையும் சேர்க்கலாம், ஊதியத்தோடு.

ஓய்வுபெற்றவர்களைப் பற்றிக் கடைசியாக ஒன்று. லிந்துலைப் பக்கத்து லயங்களில் ஐம்பது வருடம் ஒரே மலைகளில் ஏறி இறங்கிய ஆயாக்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்பளி போர்த்தி வெறுங்காலோடு போன காலம், நாட்சம்பளம் சமமாகாத காலம், குடியுரிமை இல்லாத காலம் எல்லாம் அவர்கள் நினைவில் உண்டு. அவர்களோடு உட்கார்ந்து, மாதவாரியாக, மலைவாரியாகக் கேட்டு ஒலிப்பதிவு செய்யும் வேலை அவசரமானது. பல்கலைக்கழகங்கள் வரும் வரை காத்திராமல், இதை வாசிக்கும் தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர்களும் உயர்தர மாணவிகளும் தங்கள் வீட்டு ஆயாவிடமிருந்தே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு கைத்தொலைபேசி போதும்.